தொட்ட காய்

லிப்ட் மெக்கானிக்கின் வலது கை பக்கவாதத்துக்குப் பிறகு பாதிதான் திரும்பி வந்தது. பேச்சும் அப்படியே, குழறிக் குழறி வந்தது. கையை மடியில் வைத்து மறைத்துவிடலாம், பேச்சை எங்கே மறைப்பது? வாயை மூடிக்கொண்டார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. வெளியூர் மகள் போனில் தானே கேள்வி கேட்டு, தானே பதிலும் சொல்லி, "உடம்பப் பாத்துக்கோங்கப்பா" என்று வைத்துவிடுவாள்.

அவருக்கென்று மிஞ்சியிருந்த ஒரே ஆள் கீழ்வீட்டுத் தையல்காரர். கடையைப் பூட்டியதும் மேலே வந்து சதுரங்கப் பலகையை விரிப்பார். இருவரும் ஒன்றில் கறார்: தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். விரல் நுனி பட்டாலும் போதும். ஒருமுறை தையல்காரர் கொசுவை அடிக்கப் போய் ராணியைத் தொட்டு, அந்த ராணியையே பறிகொடுத்தார். மெக்கானிக் துளியும் இரங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஆடிய முதல் ஆட்டத்தில், குதிரையை எடுக்கப் போன கை பக்கத்து யானையில் இடித்தது.

"பரவாயில்லண்ணே, குதிரையவே வைங்க" என்றார் தையல்காரர்.

அந்தப் 'பரவாயில்ல' சுருக்கென்று தைத்தது. மெக்கானிக் வீம்புக்கு யானையை நகர்த்தித் தோற்றார். மறுநாள் கதவு தட்டப்பட்டபோது தூங்குவதுபோலக் கிடந்தார். அதற்கடுத்த நாட்களிலும் அதேதான். தட்டித் தட்டிச் சலித்துத் தையல்காரர் வருவதை நிறுத்திக்கொண்டார். சாயங்காலம் கீழே தையல் மெஷின் ஓயும்போதெல்லாம் மெக்கானிக்கின் காது படிக்கட்டுக்குப் போகும். படியில் யாரும் ஏறுவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார்.

பகலில் பார்த்துக்கொள்ள வந்த நர்சம்மாவுக்கு நோயாளியின் ரோஷத்தைவிட அவர் விரல்கள் முக்கியம். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பலகையை இழுத்துப் போட்டாள்.

"எனக்கு இதுல ஆனா ஆவன்னா தெரியாதுங்கய்யா. நகத்திக் காட்டுங்க, பாத்துக்கிறேன்."

வேறு வழியில்லாமல் காட்டினார். யானை நேராக, மந்திரி மூலைவாக்கில், குதிரை இரண்டு கட்டம் போய் ஒன்று திரும்பும், வழியில் யார் நின்றாலும் தாண்டும். சிப்பாய் முன்னால் மட்டுமே போகும், வெட்டும்போது மட்டும் மூலைவாக்கில்.

"நேரா வந்து சண்டை போடாதா? எங்க நாத்தனார் மாதிரி" என்றாள். ராஜாவைப் பார்த்து, "ஒரு கட்டத்துக்கு மேல நடக்கமாட்டாரா? ரொம்பச் செல்லம் குடுத்திருக்காங்க."

அவள் ஒரு காயைத் தொட்டுவிட்டு வேறொன்றை எடுக்கப் போனபோது மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொட்டா அதத்தான் ஆடணுமா?"

ஆமென்று தலையசைத்தார்.

மறுநாள் பலகையைத் துடைக்க வந்தவள் துணியோடு நின்றுவிட்டாள். "ஐயா, அப்ப இதத் தொடச்சா எல்லாக் காயையும் நகத்தணுமா?"

மெக்கானிக்குக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. இதற்குத் தலையாட்டிப் பதில் சொல்ல முடியாது.

"சொ... சொல்லிட்டு" என்றார்.

"என்னன்னு?"

"சரி... பண்றேன்னு."

கோணலாக நிற்கும் காயை நேராக்க வேண்டுமானால், முதலில் அப்படிச் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். அந்தத் தொடல் கணக்கில் வராது. இது ஆட்டத்தின் சட்டம். யாரும் பரிதாபப்பட்டுக் கொடுக்கும் சலுகை இல்லை. அவருக்கு இது முன்பே தெரியும். ஆனால் அதைத் தையல்காரர் எதிரில் வாய் திறந்து சொல்ல வேண்டுமே! அந்தக் குழறலை அவர் கேட்பாரே!

சாயங்காலம் நர்சம்மா கிளம்பும் நேரத்தில், தரையைக் காட்டி, "கூப்... பிடு" என்றார்.

தையல்காரர் வந்தார், உட்கார்ந்தார். முகம் உர்ரென்று இருந்தது.

"தூக்கம் கலைஞ்சுதாக்கும்?"

மெக்கானிக் காய்களைக் காட்டினார். நாலைந்து நகர்வுகள் போயின. குதிரையை எடுக்க வேண்டும், யானை பக்கத்திலேயே நின்றது. கையைத் தூக்கினார். தொண்டையைச் செருமினார்.

"ச... சரி... பண்றேன்."

பிறகே கையை நீட்டினார். யானை சாய்ந்தது. எடுத்து அதன் கட்டத்தில் நிறுத்திவிட்டுக் குதிரையை நகர்த்தினார்.

தையல்காரர் அவரையே பார்த்தார். "நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு சட்டைக்குப் பித்தான் கட்டியிருப்பேண்ணே."

"கட்... டு."

"கட்டறேன், கட்டறேன். முதல்ல இதப் பாருங்க." மந்திரியைக் கோடியிலிருந்து இழுத்து வைத்தார். "செக்!"

ராஜா விலகலாம், நடுவில் ஒரு காயை நிறுத்தி மறைக்கலாம், அல்லது அந்த மந்திரியை வெட்டலாம். மூன்றில் எது? மெக்கானிக் பலகைமேல் குனிந்தார். தையல்காரர் நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் காத்திருந்தார்.