மூன்றாவது பட்டன்

என் கணவர் பட்டு நெய்பவர். நான் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். போன கோடை விடுமுறையில் வீட்டிலேயே இருந்தபோதுதான் அவர் படும் அவஸ்தையைக் கவனித்தேன். தறியில் உட்கார்ந்துவிட்டால் கைக்கும் காலுக்கும் ஓய்வு கிடையாது. பக்கத்தில் செல்போனில் பாட்டு ஓடும். நல்ல இடத்தில் யாராவது கூப்பிட்டுக் கெடுப்பார்கள், இல்லாவிட்டால் விளம்பரம் வந்து கத்தும். ஒவ்வொரு தடவையும் ஊடை நூலை ஓட்டும் நாடாவை வைத்துவிட்டுப் போனைத் தேட வேண்டும்.

பயிற்சிக்காக வாங்கிய சின்னக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தது. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். இன்டர்நெட்டில் ஒலிபரப்பாகும் வானொலிகளை எடுத்துப் பாடவைக்க அது போதும். பழைய ஸ்பீக்கரைப் பிரித்து, ஸ்வீட் கடை பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு, எல்லாவற்றையும் உள்ளே அடக்கினேன். வெளியே ஒரே ஒரு பட்டன். சாப்பாட்டு மேஜையில் முதல் பாட்டு கணீரென்று வந்ததும் எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

தறிக்குப் பக்கத்தில் வைத்தால் மூச்சே விடவில்லை. மேஜைக்குக் கொண்டுவந்தால் பாடியது.

"உன் ரேடியோவுக்கு என்னைக் கண்டா ஆவாதுபோல" என்றார் கணவர்.

பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் புரிந்தது. அவர் ஒவ்வொரு இழையையும் அடித்து இறுக்கும்போது தரை அதிர்ந்து, உள்ளே ஒரு ஒயர் நழுவிக்கொண்டிருந்தது. தெருமுனை மிக்ஸி ரிப்பேர் கடையில் சால்டரிங் அயர்ன் இரவல் வாங்கிவந்து ஒயர்களைப் பற்றவைத்தேன். விரலில் ஒரு கொப்புளம் மிச்சம். ஆனால் அதன் பிறகு தறி எவ்வளவு அதிர்ந்தாலும் பாட்டு நிற்கவில்லை.

சண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

எங்கள் தறியில் ஓடுவது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அது என் நாத்தனார், கணவரின் அக்கா. ஓரிக்கையிலிருந்து ஷேர் ஆட்டோவில் தினமும் வருவார். அவருக்குப் பாட்டு ஒத்துக்கொள்ளாது. பேச்சுதான் வேண்டும், செய்தி, விவாதம், யாராவது யாரையாவது திட்டிக்கொள்வது.

"பாட்டு கேட்டா எனக்குத் தூக்கம் வருது பா. அப்புறம் நாடா கீழ வுயுந்தா என்னைக் கேக்காத."

"நீ வைக்கிற பேச்சைக் கேட்டுக்கினு இருந்தா எனக்குப் புட்டா பூ எண்ணிக்கை தப்புதுக்கா. யாரு பிரிச்சு நெய்யறது?"

சமாதானத்துக்கு இரண்டாவது பட்டன் வைத்தேன். ஒன்று பாட்டுக்கு, ஒன்று பேச்சுக்கு. அவர் ஒன்றை அமுக்க, இவர் மற்றதை அமுக்க, பாதிப் பல்லவியும் பாதிச் செய்தியுமாக வீடு ரணகளமானது. அன்று மதியம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே சாப்பிட்டார்கள். ரசம் வேண்டும் என்பதைக்கூட என் வழியாகத்தான் சொன்னார்கள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில்தான் மூன்றாவது பட்டனை வைத்தேன். அதை அமுக்கினால் உலகத்தில் எங்காவது ஒரு வானொலி வரும். எது என்று எனக்கே தெரியாது.

"இனிமே இது மட்டுந்தான். நான் எதையும் செலக்ட் பண்ணல, நீங்களும் பண்ண வேணாம்."

அக்கா, தம்பி இருவரும் வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தார்கள். முதல் நாள் ஏதோ தேவாலய மணி, அப்புறம் யாரோ ஆடு கத்துவதுபோல் பாடினார்கள். மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு ரேடியோவில் ஒரு ஆள் வந்தான். கரகரப்பான, சந்தோஷமான குரல். "போம் தியா!" என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் பேசினான்.

"வந்தியா போந்தியான்னு கேக்கறான் பா" என்றார் நாத்தனார்.

போர்ச்சுகல், அவன் சொன்னது காலை வணக்கம் என்று பார்த்துச் சொன்னேன். அங்கே அப்போதுதான் காலை. பட்டனை மறுபடி அமுக்கக் கணவர் கை நீட்டினார். நாத்தனார் தடுத்தார். "இருக்கட்டும். நல்லா பேசறான்."

ஆச்சரியம், கணவரும் விட்டுவிட்டார். ஒரு சொல்லும் புரியாததால் எண்ணிக்கை தப்பவில்லை. இடையிடையே அவன் அக்கார்டியன் பாட்டும் போட்டான். நாத்தனாருக்குப் பேச்சு கிடைத்தது, தம்பிக்குத் தொந்தரவு இல்லை. மறுநாள் அந்த ஆளின் வானொலியே எப்போதும் வரும்படி பட்டனில் நிரந்தரமாகப் போட்டுவிட்டேன்.

இப்போது அவன் பேசப் பேச நாத்தனார் தமிழில் சொல்லிக்கொண்டே நெய்கிறார். "மீன் விலை ஏறிச்சாம். மாமியார் வூட்டுக்குப் போனானாம், மரியாதி இல்லியாம்."

"அவன் மழை வருதுன்னு சொல்றான் கா" என்பார் கணவர், தனக்கு மட்டும் புரிந்ததுபோல.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் பேச்சின் நடுவே சிரிக்க ஆரம்பித்தான். அடக்க முடியாமல், திணறித் திணறிச் சிரித்தான். நாத்தனாருக்கும் தொற்றிக்கொண்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"இன்னாக்கா சொன்னான்?"

"எனக்கு இன்னாடா தெரியும்!"

அதைக் கேட்டுக் கணவரும் சிரிக்க, தறி நின்றுவிட்டது. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த நானும் அவர்களோடு உட்கார்ந்து சிரித்தேன்.