பத்தே பத்து விநாடிகள் மட்டுமே

தண்ணீர் தெளித்த மண்ணின் வாசனையோடு ஒரு கூம்பு ஸ்பீக்கரின் "கீய்ய்ய்" என்ற கூச்சலும் சேர்ந்து வந்தால்தான் எனக்குச் சின்ன வயதில் பொங்கல் வந்ததாக அர்த்தம். கரும்பும் மஞ்சள்குலையும் அதற்குப் பிறகுதான். கூச்சல் அடங்கியதும் ஒரு செருமல் கேட்கும், யாரோ மைக்கை இரண்டு தட்டுத் தட்டுவார்கள், பிறகு "அன்பார்ந்த பெருமக்களே, கபடி ரசிகர்களே, கபடியை ரசித்து மகிழும் ரசிகப் பெருமக்களே" என்று இருக்கிற ஒரே கூட்டத்தை மூன்று கூட்டமாக்கி மூன்று தடவை கும்பிடும் ஒரு குரல் வரும். அது என் அப்பாவின் குரல்.

அப்பாவுக்கு ராஜபாளையத்தில் பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் எடை பார்க்கிற வேலை. அங்கே தராசு முள் நின்றதும் எண்ணைச் சொல்வார், அடுத்த பொதி வரும், அதற்கும் எண்ணை மட்டும் சொல்வார். நாள் முழுக்க இப்படிச் சேமித்த வார்த்தைகளையெல்லாம் லீவு நாளில் ஏதாவது ஒரு கபடி மைதானத்தில் கொட்டிவிட்டு வருவார். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் எந்த ஊரில் ஆட்டம் நடந்தாலும் கமெண்டரிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊரில் அவருக்கு "மைக் மாமா" என்று பெயர்.

அவருடைய தமிழில் எந்தச் சொல்லும் தனியாக வெளியே போகாது. துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டுதான் போகும். நடுக்கோடு அவருக்கு "நடுமையச் சென்டர் கோடு". பாடிப் போகிறவர் "முன்னோக்கி முன்னேறி" போவார், "பின்னோக்கிப் பின்வாங்கி" வருவார், பிறகு "மீண்டும் திரும்பவும் மறுபடியும்" போவார். கடைசி ஆட்டம் "இறுதி ஃபைனல்". ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் கத்திமுனையில்தான் இருக்கும். இருபது புள்ளி வித்தியாசத்தில் ஓர் அணி தோற்றுக்கொண்டிருந்தாலும் அந்தக் கத்தி இறங்காது. பரபரப்பு உச்சத்துக்குப் போகும்போது குரலைத் தாழ்த்தி, பெரிய ரகசியம் ஒன்றைச் சொல்வதுபோல, "எந்த அணி அதிகப் புள்ளிகளை எடுக்கிறதோ அந்த அணிதான் இன்று வெற்றி பெறும் என்பதில் எள்ளளவும் ஐயமில்லை" என்பார். கூட்டமும் ஆமாம் என்று தலையாட்டும். ஒரு தடவை, காலமான பழைய ஆட்டக்காரர் ஒருவருக்காக "ஒரு நிமிட நேரம் அமைதியாக மௌனம்" காக்கச் சொன்னவர், அதை எப்படிக் காக்க வேண்டும் என்று விளக்கியே இரண்டு நிமிடத்தைக் கடத்திவிட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். சாம்பாருக்கு உப்பு போதவில்லை என்பதைச் சொல்ல அவர் தொடங்கினால் தட்டில் சோறு ஆறிவிடும். "உப்பு வேணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க" என்று அம்மா கரண்டியைப் பிடித்தபடியே நிற்பாள். சித்தியைப் பெண் பார்க்க வந்தபோது, "மணமகனைப் பெற்றெடுத்த தாயாராகிய அம்மா அவர்கள் வருகை தந்து வந்திருக்கிறார்கள்" என்று வாசலிலிருந்தே அறிவித்து, வந்த அம்மாளை மிரள வைத்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைப் பார்த்து, "கோதை என்கிற கோதை தன் சொந்தக் கால்களாலேயே நடந்து வருகிறாள்" என்று குரலை மாற்றிச் சொல்வார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போய் அழுவேன்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம், எங்கள் பள்ளிக்கூடப் பெண்கள் அணி ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கத்து மைதானம் ஒன்றில் நடந்த பொங்கல் போட்டியில் ஃபைனலுக்கு வந்தது. பாடிப் போவதில் நான்தான் முதல் ஆள். எனக்கு இரண்டு கவலைகள். ஒன்று, எதிரணியில் இடது மூலையில் நின்ற ஒரு பெண். கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள். இன்னொன்று, மேடையில் மைக் பிடித்திருந்த அப்பா. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆசையும் இருந்தது. ஆட்டநாயகிக்கு என்று ரிப்பன் சுற்றிய சிவப்பு லேடீஸ் சைக்கிள் ஒன்றை மேடைக்குக் கீழே நிறுத்தியிருந்தார்கள். காலையிலிருந்து அதை எத்தனை தடவை திரும்பிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

கபடியில் பாடிப் போகிறவளுக்கு முப்பது விநாடி. அதற்குள் திரும்பி வராவிட்டால் அவள் அவுட். உள்ளே யாரைத் தொட்டிருந்தாலும் அது கணக்கில் சேராது. இப்போதுபோல அப்போது விநாடி காட்டும் போர்டு கிடையாது. மேடையில் அப்பாவுக்குப் பக்கத்தில் கடிகாரத்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பத்து விநாடி மிச்சம் இருக்கையில் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். அதை அப்பா மைக்கில் சொல்ல வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

கடைசியாகப் பாடிப் போகிற பாட்டு என்னுடையது. நாங்கள் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். உள்ளே போய் அங்கும் இங்கும் ஆட்டம் காட்டி, அந்த இடது மூலைப் பெண்ணின் கால் பெருவிரலை என் கால் நுனியால் தொட்டுவிட்டேன். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நடுக்கோடு இரண்டெட்டில் இருந்தது. அப்படியே திரும்பியிருந்தால் ஆட்டம் சமம், கூடுதல் நேரம் கொடுத்திருப்பார்கள். மேடையில் அப்பா பேசிக்கொண்டிருந்தார்: "அன்பார்ந்த வீராங்கனை அவர்களின் கனிவான மேலான கவனத்திற்கு, இந்த ரெய்டு முடிந்து நிறைவடைவதற்கு இன்னமும் எஞ்சி மீதமிருப்பவை வெறும் பத்தே பத்து விநாடிகள் மட்டுமே." பத்து விநாடி இருக்கிறது, இன்னொருத்தியையும் தொட்டுவிட்டால் கப்பும் நமக்கு, சைக்கிளும் நமக்கு என்று நான் வலது பக்கம் பாய்ந்தேன். அங்கே நின்றவள் விலகினாள். நான் திரும்புவதற்குள் விசில் ஊதிவிட்டது. அம்பயர் கையைத் தூக்கி என்னை அவுட் என்றார்.

மைதான ஓரத்தில் நான் அழுதுகொண்டிருந்தபோது எங்கள் அணியில் ஆள் பிடிக்கிறவளான செல்வி முதலில் வந்தாள்.

"ஏட்டி, தொட்டுட்டு வராம அங்க என்னட்டி செஞ்ச?"

"எங்கப்பாதான பத்து செகண்டு இருக்குன்னு சொன்னாரு."

அது அப்பட்டமான பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்ன வேகத்திலேயே எனக்கு அது பொய் என்று பட்டது. அவர் பத்து என்று சொல்லி முடிப்பதற்கு முன்பே நான் தொட்டாயிற்று. திரும்ப வேண்டியவள் சைக்கிளைப் பார்த்துப் பாய்ந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. செல்வி அதைக் கேட்டு இன்னொருத்தியிடம் சொன்னாள், அவள் பி.டி. டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் எதையும் அளந்து பார்க்கிற ஆள். கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மேடைக்குப் போனார்.

"சார், கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அத அப்படியே இன்னொரு தடவ சொல்லுங்க."

யாரோ தன் வர்ணனையை விரும்பிக் கேட்கிறார்கள் என்று நினைத்து அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மைக்கை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சொல்கூட விடாமல் ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். டீச்சர் வாட்சைப் பார்த்தார்.

"எட்டு செகண்டு சார். நீங்க பத்துன்னு சொல்லி முடிக்கையில பிள்ளைக்கு ரெண்டுதான் மிச்சம்."

அப்பா மைக்கைக் கீழே வைத்தார். என்னைத் தேடிப் பார்த்தார். நான் சட்டை நுனியில் மூக்கைத் துடைப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டேன். ராஜபாளையம் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் அவர் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார். நடுவில் ஒரே ஒரு தடவை குனிந்து, "வலிக்கா கோத?" என்றார். என் முழங்காலில் சிராய்ப்பு இருந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

அன்றைக்கு இராத்திரி சாப்பாட்டில் அப்பா, "உப்பு" என்றார். அம்மா கரண்டியோடு காத்துக்கொண்டு நின்றாள், மேற்கொண்டு எதுவும் வரவில்லை. அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லையே என்றாள்.

அடுத்த மாதம் ராஜபாளையத்தில் ஆண்கள் போட்டி. அப்பா மைக்கைப் பிடித்தார். "போறார். தொட்டார். வந்துட்டார். ஒண்ணு." கூட்டம் ஒன்றும் புரியாமல் மேடையைப் பார்த்தது. மைக்செட்காரர் வயர் எங்கோ விட்டுப்போகிறது என்று நினைத்து ஸ்பீக்கருக்கும் ஆம்பிளிபயருக்குமாக ஓடி, இரண்டு வயரை மாற்றினார். சோடாக் கடைக்காரர், தொண்டை கட்டியிருக்கும்போல என்று இஞ்சி சோடா கொடுத்துவிட்டார். விழாக் கமிட்டிப் பெரியவர் மேடையேறி வந்து, அப்பாவின் தோளில் கையைப் போட்டு, "வீட்டுல எதுவும் கெட்ட காரியமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். அதுவும் மைக்கில் கேட்டுவிட்டது. பிறகு இடைவேளையில் முக்கால்வாசிப் பேர் வந்து அப்பாவிடம் துக்கம் விசாரித்தார்கள்.

மறு வருஷம் நாங்கள் அதே ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் ஜெயித்தோம். என் கடைசிப் பாட்டில் நேரம் பார்க்கிறவர் விரலை விரித்ததும் அப்பா "பத்து" என்றார். நான் எட்டு விநாடியிலேயே திரும்பி வந்துவிட்டேன். எல்லோரும் என்னைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். நான் மேடைப் பக்கமே காதை வைத்திருந்தேன். "மாபெரும் மகத்தான" என்று ஏதாவது வரும் என்றிருந்தேன். "ஜெயிச்சாச்சு. நன்றி" என்று சொல்லிவிட்டு அப்பா உட்கார்ந்துவிட்டார். எந்தப் பேச்சை நினைத்து நான் வீட்டில் அழுதேனோ, அது வரவில்லையே என்று அன்றைக்கு மைதானத்தில் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று செல்வி முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

அதன் பிறகு அவரைக் கூப்பிடுவது மெல்ல மெல்லக் குறைந்தது. "மைக் மாமா முன்ன மாதிரி இல்ல" என்றார்கள். ஒரு கமிட்டி வேறு ஆளைப் பிடித்தது, அதைப் பார்த்து அடுத்த கமிட்டியும் பிடித்தது. அப்பா ஓரமாக உட்கார்ந்து புள்ளிப் பலகையில் எண் மாட்டினார், பிறகு அதற்கும் போகவில்லை. என் கல்யாணத்தில் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் "வாங்க" என்றார். பழைய ஆட்கள் அதற்கு மேல் ஏதாவது வரும் என்று செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். இவ்வளவு வருஷம் கழித்து எதற்கு என்றும் நினைப்பேன்.

இப்போது நானே பி.டி. டீச்சர். போன மாதம் கிருஷ்ணன்கோவில் பக்கம் நடந்த போட்டிக்கு எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கல்லூரி பஸ்கள் வரிசையாக நின்ற இடத்துக்குப் பக்கத்தில் மைதானம். சிவப்பு எழுத்தில் விநாடி ஓடும் பெரிய போர்டு, செல்போனில் நேரலை. கமெண்டரி சொன்ன பையன், "ரிட்டர்ன் பேக் வராங்க, லாஸ்ட் ஃபைனல் ரெய்டு, டூ ஆர் டை, செத்தா சாவு" என்று கத்திக்கொண்டிருந்தான். எங்கள் அணியின் மாரியம்மாள், ஒன்பதாவது படிக்கிறவள், ஒருத்தியைத் தொட்டுவிட்டாள். போர்டில் ஆறு என்று பளிச்சென்று இருந்தது. அவள் திரும்பவில்லை. இன்னொருத்தியைத் தொடப் போய் நேரம் முடிந்து அவுட் ஆனாள். தோற்றோம்.

வெளியே வந்தவளிடம் நான் எதுவும் கேட்பதற்குள் அவளே சொன்னாள்: "போர்டப் பாத்தேன் டீச்சர். நேரம் தெரியும். நாந்தான் ஆசப்பட்டுட்டேன்." தண்ணீரைக் குடித்துவிட்டு எதிரணிக்குக் கை கொடுக்கப் போய்விட்டாள். எனக்குக் கொஞ்ச நேரம் அவளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே ராஜபாளையம் பஸ் ஏறினேன். அப்பா நாற்காலியில் கால் நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிளையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அப்ப, நான் பத்துன்னு சொல்லுததுக்கு முன்னாலயே நீ தொட்டுட்ட?"

"தொட்டுட்டேன்பா."

"வந்திருக்கலாம்?"

"வந்திருக்கலாம்."

அவர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். "கேட்டியா, இவ ஒரு சைக்கிளுக்கு ஆசப்பட்டதுக்கு நான் இருவது வருஷத்துக்கு மேல வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்திருக்கேன்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவ தோத்துட்டு வந்த அன்னைக்குத்தான் நான் சூடாச் சாப்பிட ஆரம்பிச்சேன். இப்பப் போயி அத எதுக்குட்டி சொன்ன?"

அப்பா பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். அதற்குக் கீழே அவருடைய வயிறு சிரிப்பில் குலுங்குவதைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. கூம்பு ஸ்பீக்கர் தேடினேன். வாடகைக்கு விடும் கடையில் அதெல்லாம் பழைய இரும்புக்குப் போய்ப் பல வருஷமாயிற்று என்றார்கள். விரலை விரித்துக் காட்டும் ஆளும் இனிமேல் தேவையில்லை, போர்டு வந்துவிட்டது. கமெண்டரிக்கு அப்பா பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழையபடியே பேச வேண்டும் என்று அவரிடமும் சொல்லிவிட்டேன். ஹெச்.எம். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பாவா, ரொம்ப நேரம் பேசுவாரோ?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர், சுருக்கமாத்தான் பேசுவாரு" என்றேன்.

அப்பாவைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது பொய் அது.