இரட்டை வயிற்றுப் பானை

நம்பாதவர்கள் சுவிஸில் ஓல்டன் நகருக்குப் போய்ப் புனிதவதியையே கேட்கலாம். 2006இல் அவளுக்கு நடந்தது இது. இன்றைக்கும் யாராவது விசிலடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள்.

அவளும் டயனாவும் ஒரு சுவிஸ் கிழவியின் வீட்டில் துப்புரவு வேலை செய்தார்கள். அங்கே ஓர் அறை நிறையப் பெரு நாட்டுப் பழைய பானைகள். சாமிக்கும் செத்தவர்களுக்கும் படைத்தவையாம். அந்த அறைச் சாவி டயனாவுக்கு, கக்கூஸ் புனிதவதிக்கு. பிந்தி வேலைக்கு வந்த டயனாவுக்குத்தான் கோப்பி ஊற்றி, பக்கத்தில் இருத்திக் கதையும் சொல்வாள் கிழவி. புனிதவதிக்கு வயிறு பற்றி எரியும்.

ஒரு ஜனவரிக் காலை டயனாவுக்குக் காய்ச்சல். சாவி முதன்முதலாகப் புனிதவதியின் கைக்கு வந்தது. கிழவி கடைக்குப் போய்விட்டாள்.

நடுமேசையில் ஒரு கறுப்புப் பானை. இரண்டு வயிறு, இடையில் ஒரு குழாய். ஒரு வயிற்றின் மேல் திறந்த வாய், மற்றதன் மேல் மனித முகம். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறுங்குடத்தை இப்படியா வைப்பது? நிறைகுடமாக்கினால் கிழவி மகிழ்ந்துபோவாள். சிலுவை போட்ட வேதக்காரி டயனாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஜக்கில் தண்ணீர் எடுத்து ஊற்றினாள்.

"அவள் இனி இஞ்சை வரக்குடாது," என்று முணுமுணுத்தாள்.

பானை விசிலடித்தது. மெல்லிதாக... நீளமாக... அப்போது மணி பத்து இருபது.

காற்றுத்தான் என்று நினைத்தாள். ஊற்றுவதை நிறுத்தினாள். விசில் நிற்கவில்லை.

எட்டிப் பார்த்தாள். உள்ளே காய்ந்து கிடந்தது. மேசையிலும் ஈரமில்லை.

அந்த முகத்தின் உதடு மட்டும் நனைந்திருந்தது.

க்ளுக்... விழுங்கும் சத்தம்.

ஓடினாள்.

திரும்பி வந்த கிழவி, நடந்ததைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வயிறும் இரண்டு உயிர் என்றாள். ஒன்றில் ஊற்றினால் மற்றதற்குப் போய்ச் சேருமாம். யாரை நினைத்து ஊற்றினாய் என்று கேட்டாள்.

புனிதவதியின் கைத்தொலைபேசி அடித்தது. டயனாவின் புருஷன் ஜஸ்ரின்.

"அக்கா, டயனா ஆஸ்பத்திரியிலை. கட்டிலிலை படுத்திருந்தவள், மூச்சுத் திணறிப்போச்சு. நெஞ்சு முழுக்கத் தண்ணியாம்."

"எத்தினை மணிக்கு?"

"பத்து இருபது இருக்கும்."

மூன்றாம் நாள் டயனா செத்துப்போனாள்.

சாவி புனிதவதிக்கே வந்தது. கிழவி அவளைப் பக்கத்தில் இருத்தி, டயனா குடித்த கோப்பையிலேயே கோப்பியும் ஊற்றினாள். ஆசையோடு கோப்பையைத் தூக்கினாள் புனிதவதி.

உள்ளே காய்ந்து கிடந்தது.