ஒன்பது ஓட்டை

துப்பாக்கிப் போட்டியில் என் மகள் சுட்ட அட்டையை நடுவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். குண்டு பத்து, ஓட்டை ஒன்பது. பக்கத்தில் யாரோ துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டார்கள். அந்த வாசனையில் எனக்கு மறுபடியும் பத்து வயதாகிவிட்டது.

அம்மா நாசரேத்துக்காரி, விளையாட்டு டீச்சர். சேலைக்கு மேல் கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு, குப்புறப் படுத்துச் சுடுவாள். நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு அவள் அட்டையிலும் ஒன்பது ஓட்டைதான். நடு ஓட்டை மட்டும் கொஞ்சம் பெரிது.

"ரெண்டு குண்டும் ஒரே ஓட்டைலயா? யார்ட்ட கதை விடுதிய டீச்சர்?" என்றார் போட்டியில் அடுத்த இடத்தில் இருந்த உப்பள அண்ணாச்சி.

நடுவர் ஓட்டைக்குள் அளவுக் கம்பியை விட்டுப் பார்த்து, பத்துக் குண்டும் பட்டதாக அம்மாவுக்கே எழுதிக் கொடுத்தார். கோப்பை எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஆனால், கொண்டல் காற்று சட்டென்று வலுத்த ஒரு நொடியில், அட்டைக்கு வெளியே தள்ளி, பின்னாலிருந்த மணல்மேட்டில் புழுதி தெறித்ததை நான் பார்த்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் எண்ணெய்த் துணியைக் குழாய்க்குள் விட்டு இழுத்தபடி அம்மா கேட்டாள். "ஏளா, நான் சுடும்போது நீ எங்கன பாத்துக்கிட்டு இருந்தே?"

"உங்களத்தாம்மா," என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

துணி பாதியில் நின்றது. அதற்குப் பிறகு என்னை அவள் போட்டிக்குக் கூட்டிப்போனதே இல்லை.

இப்போது மகளின் அட்டைக்கும் நடுவர் அளவுக் கம்பியைக் கையில் எடுத்தார். மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லாரும் அட்டையப் பாக்காவ," என்றாள் மெதுவாக. "நீங்க மட்டும் ஏம்மா மணல்மேட்டப் பாக்கிய?"