ஸபியாவை எழுப்பாதீர்கள்

அன்பின் பெயரால் நாம் செய்யும் ஒரு காரியம் அந்த அன்புக்குரியவரையே வருத்துகிறதா என்று என்றைக்காவது நின்று யோசித்ததுண்டா? மருந்துச் சாளரத்தின் பின்னால் நிற்பவனுக்குக் கைக்குத்தான் வேலை, காதுக்கு வேலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், கிழக்கிலங்கையில் கல்முனைப் பக்கத்து வலிப்பு நோய்க் கிளினிக் ஒன்றில் மருந்து வழங்கியபோது கற்ற பாடத்தை, நோயாளியோடு சேர்ந்து அல்லற்படும் உங்களுக்கே சொல்கிறேன்.

நல்ல உறக்கம்

ஸபியா மருதமுனையில் கைத்தறி நெய்பவர். மூன்று வகை மருந்தை வேளை தவறாமல் விழுங்கியும் வாரத்துக்கு இருமுறை வலிப்பு வந்தது. தறியிலேயே ஒருநாள் விழுந்துவிட்டதால், ஒரு மாதம் விழாமல் இருந்தால் மட்டுமே திரும்பி வரலாம் என்று முதலாளி நிறுத்திவிட்டார்.

உறக்கம் கெட்டால் வலிப்பு மிகும் என்பதால், ஒவ்வொருவரின் உறக்கத்தையும் கேட்டுக் குறிக்கும்படி டொக்டர் என்னைப் பணித்திருந்தார். "இஷா தொழுதுட்டுப் படுத்தா சுபஹுக்குத்தான் எழும்புவன், சேர்" என்றார் ஸபியா. இரவுத் தொழுகை முதல் விடியற்காலைத் தொழுகை வரை என்றால் குறையேது? ‘நல்ல உறக்கம்’ என்று எழுதினேன். மூன்று மாதங்கள் அதையே எழுதினேன். மூன்றாம் மாதம், மருந்துக்கு நீட்டிய கையோடு சாளரக் கட்டையில் தலைசாய்த்து அவர் தூங்கியேவிட்டார். வரிசையில் பின்னால் நின்ற பெண் பொறுக்காமல் சொன்னாள்: "ராத்தா, இது கிளினிக், ஒங்கட ஊட்டுப் பாயில்ல!"

கேட்காத கேள்வி

அந்தப் பேச்சு என்னைக் குத்தியது. படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் கேட்டேனே தவிர, இடையில் நடந்ததைக் கேட்கவில்லையே! உடனே கேட்டேன். ஸபியா பக்கத்தில் நின்ற கணவர் ஹனீபாவைச் சுட்டிக் காட்டினார். நூலுக்குச் சாயம் போடும் அந்த மனிதர் பெருமையோடு சொன்னார்: "மணிக்கொருதரம் நான்தான் எழுப்புவன், சேர். தூக்கத்துக்குள்ள வலிப்பு வந்து, கலிமா சொல்லாம மௌத்தாகிட்டா?"

ஒவ்வொரு முறையும் எழுப்பி, சாகும் வேளையில் நாவில் இருக்கவேண்டிய இறைநம்பிக்கை வாசகமான கலிமாவைச் சொல்லவைத்து, மீண்டும் படுக்கவிடுவாராம். அவருடைய கண்களும் சிவந்தே இருந்தன. அந்த அன்பைப் பழிக்க எனக்கு நா எழவில்லை. ஸபியாவுக்கு எழுந்தது: "மௌத்து என்னக் கேட்டா வரப்போகுது? இந்த மனிசன்தான் கேட்டுக் கேட்டு எழுப்புறார்!"

ஈரச் சாயம்

இருவரையும் டொக்டரிடம் அழைத்துச் சென்றேன். பக்கத்தில் இருந்து பாருங்கள், வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தூங்குகிறவரைத் தூங்கவிடுங்கள் என்றார் அவர். ஹனீபா தலையாட்டினார்; மனம் இளகவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன்: "சாயம் தோய்த்த நூலைக் கொடியில் போட்டபின், காய்ந்ததா என்று மணிக்கொருதரம் பிசைந்து பார்ப்பீர்களா?"

சாயக்கறை படிந்த தம் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பிசைஞ்சாத் திட்டுத் திட்டாப் போயிருமே... ஓம் சேர், நான் பக்கத்துல இருந்து அல்லாஹ்க்கிட்ட துஆக் கேக்கன்; அவ தூங்கட்டும்."

ஒரு மாதம்

வலிப்பு அறவே நீங்கிவிட்டதென்று பொய் சொல்லமாட்டேன். படுக்கையில் இருமுறை வந்ததாம். மருந்திலும் ஒன்றைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆனால் அந்த மாதம் முழுவதும் ஸபியா ஒருநாளும் விழவில்லை. முதலாளி வாக்குத் தவறாமல் தறியைத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்கடுத்த கிளினிக் நாளில் அவர் சாளரத்துக்கு வந்த நடையே வேறு. தலை நிமிர்ந்திருந்தது. கணவரின் இடுப்பில் புத்தம் புதிய சாரன். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஸபியா அறிவித்தார்: "முதல் சாரன் இவருக்குத்தான் நெய்திரிக்கன், சேர். இப்ப இவர் விடுற கொறட்டைக்கு நான்தான் இவர எழுப்பணும் போல!"

ஒரே ஒரு கேள்வியைச் சோம்பலால் விழுங்கி ஒரு பெண்ணின் மூன்று மாதங்களை விழுங்கியவன் என்ற தகுதியோடு வேண்டுகிறேன்: உங்கள் வீட்டிலோ பொறுப்பிலோ வலிப்போடு போராடும் ஒருவர் இருந்தால், நாளைக்கென்று தள்ளாமல் இன்றைக்கே அவரிடம், "நேற்று உங்களை யார், எத்தனை தரம் எழுப்பினார்கள்?" என்று கேட்டு, அந்தப் பதிலை டொக்டரிடம் கொண்டுபோங்கள்.