காக்கா வைக்காத கம்பி

அல்லாஹ் தந்தான், அல்லாஹ் எடுத்துக்கொண்டான். அதில் நமக்கு வழக்கில்லை. காக்கா மௌத்தாகி ஒரு வருடமாகிறது. இன்று அவருக்காகக் கத்தம் ஓத வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவரோடு கூடப்பிறந்த தங்கை என்ற உரிமையில் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபிப்பவர்கள் கோபிக்கலாம். காக்காவின் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை.

காக்கா சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் பிறந்தவர். வாப்பா வலைத் தொழிலாளி. மூத்த மகனைத் தோணியில் ஏற்றிப் பார்த்தார். போன நாளெல்லாம் வாந்திதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் கல்லோயா அணைக்கட்டுத் திட்ட வேலைக்கு ஆள் எடுத்தபோது காக்கா அம்பாறைக்குப் போனார். அங்கே குவாட்டர்ஸ்களுக்குக் கரண்ட் இழுத்தவர்களோடு நின்று வயரிங் பழகினார். நம் பக்கத்துக்கும் கரண்ட் வந்த காலத்தில் திரும்பி வந்து, கல்முனையில் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலை செய்தார். உழைத்ததெல்லாம் எங்கள் வீட்டுச் சுவரில் ஏறியது. குமர்ப்பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை எடுக்கும் ஊர் இது. ஆண்பிள்ளையின் உழைப்பு சகோதரிமாரின் கல்லுக்கும் ஓட்டுக்கும்தான் போகும்.

அந்த வீட்டுக்குக் காக்கா எப்படி வயரிங் செய்தார் என்று பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு கம்பி இழுக்குமுன் சுவர் முழுக்கக் கரிக்கோடு போட்டார். கதவு எந்தப் பக்கம் திறக்கும், இருட்டில் நுழைகிறவளின் கை எங்கே போகும் என்று உம்மாவை நடக்கவிட்டுப் பார்த்துத்தான் சுவிட்சுக்கு இடம் குறித்தார். உம்மா நடந்து நடந்து, "எண்ட காலும் தேஞ்சி போச்சு, உண்ட கரியும் தேஞ்சி போச்சு" என்று சலித்துக்கொண்டார். வீடு எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குப் பாதி, எனக்குப் பாதி. ஆகவே ராத்தாவின் பக்கத்துக்கு ஒரு பியூஸும் என் பக்கத்துக்குத் தனியாக ஒன்றும் வைத்தார். வேலை முடிந்ததும் வீட்டாரை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்: "பியூஸ் போனா அது நம்மட நல்லதுக்குத்தான் போகுது. ஏன் போனதெண்டு முதல்ல பாருங்க. பாக்காமத் தடிச்ச கம்பியப் போட்டா பியூஸ் நிக்கும், வீடு போயிரும்." ராத்தாவின் மாப்பிள்ளையான மச்சானும் அப்போது பக்கத்தில்தான் நின்றார்.

என் கலியாணத்தைப் பேசி முடித்தவரும் அதே மச்சான்தான். மாப்பிள்ளை அவருடைய ஒன்றுவிட்ட தம்பி. நிக்காஹ்வுக்கு முதல் நாள் முற்றத்தில் தென்னோலைக் கிடுகுப் பந்தல் போட்டு, என் பக்கத்துக் கரண்டில் அளவாகச் சில பல்புகளைக் கட்டிவிட்டுக் காக்கா கலியாணச் சாமானுக்குக் கல்முனைக்குப் போனார். மச்சானுக்கு அது போதவில்லை. தன் சொந்தக்காரர் வரும்போது தெரு வரைக்கும் வெளிச்சம் வேண்டுமென்று, எங்கிருந்தோ பல்பு மாலைகளைக் கொண்டுவந்து அதே கரண்டில் தொங்கவிட்டார். பியூஸ் போய்க்கொண்டே இருந்தது. பிறகு போகவில்லை.

மஃரிபுத் தொழுகைக்குப் பின் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து அமர்ந்தார்கள். சற்று நேரத்தில் என் பக்கத்து முகட்டில் புகை வந்தது. ஓடுவதற்குள் பந்தலின் கிடுகு பற்றிக்கொண்டது. மாப்பிள்ளையின் உம்மாவுக்குக் கை வெந்துபோயிற்று. எனக்கென்று கட்டிய பாதியின் கூரை அன்றோடு போயிற்று.

விடிந்ததும் இரண்டு பக்கத்தாரும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மாரும் எங்கள் வாசலில் கூடினார்கள். பிழை யாருடையது என்று கேட்டார்கள். வாப்பா எழுந்து நின்று, "எண்ட மகன் பழகின வேலைதான். அவன்ட கையில பிழை நடந்திட்டு. நீங்க பொறுத்துக்கங்க" என்றார். மச்சான் வாய் திறக்கவில்லை. காக்காவும் திறக்கவில்லை. நிக்காஹ் நடந்தது. அதன்பின் ஊரில் ஒருவரும் காக்காவை வேலைக்குக் கூப்பிடவில்லை. 'வீடு கொளுத்தி' என்ற பட்டம்தான் மிஞ்சியது. இறக்காமத்தில் பெண் எடுத்து, அங்கேயே வயலில் இறங்கினார். யானைக்குக் காவல் இருந்து, வேளாண்மை செய்து, தன் பெண்மக்களுக்கும் வீடு கட்டிக் கொடுத்தார். அந்த வீடுகளின் வயரிங்குக்கு வெளியாளைப் பிடித்தார்.

எனக்கு உண்மை தெரிந்தது உம்மா பாயில் கிடந்த காலத்தில். உம்மாதான் சொன்னார். சுறாத் தூண்டிலில் கட்டுகிற உருக்குக் கம்பியை முறுக்கி மச்சான் பியூஸில் வைத்தாராம். "சுறாவுக்கே அறாத கம்பி, இதுக்கா அறப்போகுது" என்று சிரித்தாராம். நான் அடுத்த பஸ்ஸில் இறக்காமத்துக்குப் போனேன்.

"காக்கா, அந்தக் கம்பிய வெச்சது ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம். பியூஸக் கழட்டின உடன தெரியும். வாப்பாக்கிட்டத்தான் முதல்ல கொண்டுபோய்க் காட்டினன்."

"அப்ப வாப்பா என்ன சொன்னாரு?"

"'இது வெளிய போனா உண்ட தங்கச்சிட கலியாணம் நிண்டுரும். ராத்தாட மாப்பிள்ளையும் கோபிச்சுப் போயிருவான். ரெண்டு பேரையும் நீ வெச்சுப் பாப்பியா?' எண்டு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ற? பொறுக்கச் சொல்லுவாரெண்டு தெரியும். சபையில என்னையே காட்டிக் குடுப்பாரெண்டு நினைக்கல்ல."

என் கலியாணத்தின் பேரைச் சொல்லி என் காக்காவை விற்றிருக்கிறார்கள். வாப்பாவும் உம்மாவும் ராத்தாவும் மச்சானும் ஒரே வீட்டில் சோறு தின்றுகொண்டு, அத்தனை வருடமும் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்காகத் துஆ கேட்கிறேன். நெஞ்சு ஆறவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன்.

காக்கா நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, மக்கள் சூழ்ந்திருக்கக் கலிமாவோடு போனார். ஜனாஸாவை எடுக்குமுன், வழமைப்படி வாசலில் நின்று கேட்டார்கள்: "மௌத்தானவர் ஆருக்கும் பிழை செஞ்சிருந்தா மன்னிச்சுப் பொருந்திக்கங்க." உள்ளே பெண்களோடு இருந்த எனக்கு மச்சானின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அந்த வீடு பத்தினத நாங்க எப்பயோ மன்னிச்சிட்டம். பொருந்திக்கிட்டம்."

ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர்களுக்கும், குளிப்பாட்டிக் கபனிட்டவர்களுக்கும், கபுறு வெட்டியவர்களுக்கும், மூன்று நாளும் எங்களுக்குச் சோறு அனுப்பிய இறக்காமத்து அயலவர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவானாக.

மச்சான், நீங்கள் கொடுத்த மன்னிப்பை மட்டும் திருப்பித் தருகிறேன். காக்காவுக்கு அது வேண்டாம். நீங்களே வைத்திருங்கள், உங்கள் ஜனாஸா அன்று தேவைப்படும்.