நெற்றிக்கா, வாய்க்கா?

எமர்ஜென்சி முடிந்த மறுவருசம், தலைப்பிரசவத்துக்கு என் தங்கை பனவடலிசத்திரத்திலிருந்து சங்கரன்கோவிலில் இருந்த என் வீட்டுக்கு வந்தாள். அம்மா வீடு என்று போக அவளுக்கு வேறு வீடு ஏது? அவளைப் பெற்றுப் போட்டுவிட்டுத்தான் அம்மா கண்ணை மூடினாள். உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். எனக்கு அப்போது பத்து வயது.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா தங்கையின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "வெளுத்துல்லா கெடக்கு. மாத்திரையோட நல்லா ஆக்கியும் போடுங்க" என்றார்.

ஆக்கிப் போட்டேன். காலையில் கேப்பைக்கூழ். மத்தியானம் தேங்காய்ப்பூ போட்ட முருங்கைக்கீரை. நடுநடுவே உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். சாயங்காலம் கருப்பட்டி போட்டு உளுந்தங்களி. தட்டு காலியாகத்தான் திரும்பி வந்தது. அடுத்த மாசம் நர்சம்மா மறுபடி இமையை இழுத்தார். அதே வெளுப்பு.

அப்படியானால் சாப்பாடெல்லாம் எங்கே போகிறது? நான் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. முதலில் கோழிகளைச் சந்தேகப்பட்டுக் கூண்டில் அடைத்தேன். பிறகு அவள் மாமியாரை. கீரை தின்றால் பிள்ளை கறுத்துப் போகும் என்று அந்தப் பொம்பளை ஓதி அனுப்பியிருப்பாளோ? என் வீட்டுக்காரர், "ஒனக்குப் போலீசு வேலைதான் லாயக்கு" என்று சிரித்தார். சிரித்துத் தொலையட்டும், பிள்ளை பெறப்போவது அவரா?

ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினால், "அக்கா, புத்துமண் வாங்கிட்டு வா" என்பாள். கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண் இல்லாத வீடு எங்கள் ஊரில் உண்டா? நெற்றியில் பூசி, ஒரு துளி நாக்கிலும் வைத்துக்கொள்வோம். இவளுக்குத்தான் எவ்வளவு பக்தி என்று நானும் கூடுதலாகவே வாங்கி வருவேன்.

ஒரு மத்தியானம் சாமி அலமாரியில் இருந்த டப்பாவைத் திறந்தேன். துடைத்து வைத்ததுபோல் இருந்தது. முந்தாநாள்தான் நிரப்பியிருந்தேன். திரும்பினால், தங்கை உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"ஏட்டி, வாயத் தொற."

நாக்கெல்லாம் மண்.

"அடிப்பாவி! நான் ஆக்கிப் போட்டதெல்லாம் எங்கட்டி?"

"அடுத்த வீட்டு மாட்டுக் கழனிப்பானைல கொட்டிருதேன். இதத் தின்னா பசிக்கவே மாட்டேங்குது." அழுதுகொண்டே சொன்னாள். "வாய் மண்ணுக்கு அலையுதுக்கா. வேற மண்ணுன்னா நீ கொன்னுருவே. சாமி மண்ணுன்னா யாரு ஏசுவா?"

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. இவள் வயிற்றில் இருந்தபோது அம்மாவும் வெள்ளிக்கிழமை தவறாமல் என்னைத்தான் கோயிலுக்கு அனுப்பினாள். "மக்கா, புத்துமண் கொஞ்சம் கூடவே கேட்டு வாங்கிட்டு வா" என்பாள். அம்மாவின் பக்தியைத் தெருவே மெச்சியது.

அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு வாயும் விழுங்குகிறாளா என்று எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். கழுவிய தட்டைக்கூட நம்பவில்லை. நர்சம்மா இமையை இழுத்து, "இப்பந்தான் செவப்பு தெரியுது" என்ற அன்று, நடுரோடு என்றும் பாராமல் அழுதேன். பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, கல்யாணமாகி, உண்டாகி என் வீட்டுக்கு வந்தாள்.

"பெரியம்மா, புத்துமண் இருக்கா?"

"நெத்திக்கா, வாய்க்கா?"

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். நான் எழுந்து போய்க் கீரை ஆய உட்கார்ந்தேன்.